காயம் ஏதும் இல்லை

பிரபு, உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பாய். ஒன்றும் ஆகவில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முட்டிவலி மெட்ரோ படிக்கட்டில் மட்டும் எட்டிப் பார்க்கிறது. ஒரே ஊரில் நான் அல்சூரிலும் நீ எலெக்ட்ரானிக் சிட்டியிலும் இருந்துகொண்டு கூரியரில் கடிதம் அனுப்புவது கேலிக்கூத்துதான், எனக்கும் தெரியும். போனில் சொல்லத்தான் பார்த்தேன். போன வாரம் மூன்று முறை உன்னைக் கூப்பிட்டேன். மூன்று முறையும் "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வரும் வியாழக்கிழமை நீயும் நிவேதாவும் ஜெர்மனிக்கு விமானம் ஏறப்போகிறீர்கள். அதற்குள் நான் உனக்குச் செய்த ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ அங்கே போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு இந்தத் தைரியம் வராது.

உங்கப்பா போய் இரண்டு வருஷமாகிறது. இந்த வீட்டில் என் குரலை நானே கேட்பது குக்கரைத் திட்டும்போதுதான். காலையில் பால்காரரிடம் இரண்டு வார்த்தை, எதிர்வீட்டு அம்மாவிடம் சாப்பாடு ஆச்சா என்று கன்னடத்தில் ஒரு "ஊட்டா ஆய்த்தா?", அத்தோடு சரி. நீ தீபாவளிக்கு வருகிறாய். சோபாவின் நுனியில் உட்காருகிறாய். வேலை எப்படி இருக்கிறது, நல்லா இருக்கா என்றால் "ஆமாம்மா". ரொம்ப டிராஃபிக்கா என்றால் "ஆமாம்மா". நிவேதா மட்டும்தான் என்னோடு சமையலறையில் நின்று பேசுகிறாள். இவ்வளவு வருஷமாக உன்னுடைய சுபாவமே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அளந்து பேசுகிற பிள்ளை என்று பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். நீ அப்படிப் பிறக்கவில்லை. கௌதமபுரம் மைதானத்திலிருந்து ஃபுட்பால் ஆடிவிட்டு வந்தால் யார் யாருக்குப் பந்தைத் தள்ளினார்கள் என்று நான் தட்டு கழுவி முடிக்கிற வரைக்கும் பின்னாலேயே நின்று வாய் ஓயாமல் சொன்ன பையன் நீ.

ரிடையர் ஆன பிறகும் பயிற்சிப் பள்ளியில் பாடம் எடுக்கப் போகிறேனே, அங்கே என்ன சொல்லித் தருகிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. நானே சொல்கிறேன். எஸ்.ஐ.யாகத் தேர்வாகி வரும் பிள்ளைகளுக்குச் சிக்கலான வழக்குகளைத் துப்பறிவது எப்படி என்று கற்றுத் தருகிறேன். அங்கே ஓர் அறையை ஒரு வீடு மாதிரி செய்து வைத்திருக்கிறோம். கட்டில், கவிழ்ந்த நாற்காலி, சிவப்புப் பெயின்ட் கொட்டிய தரை, கீழே ஒரு துணிக்கடைப் பொம்மை. முதல் நாள் எல்லோரும் தடதடவென்று உள்ளே ஓடித் தடயத்தை மிதித்துவிடுவார்கள். அதனால் நான் அவர்களை வாசற்படியிலேயே கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு பத்து நிமிஷம் நிற்க வைப்பேன். தொடக்கூடாது, பேசக்கூடாது, பார்க்க மட்டும் வேண்டும். பிறகு சாட்சிகளைத் தனித்தனியாக உட்கார வைப்பது, சி.சி.டி.வி. படத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பெட்டியின் கடிகாரம் எத்தனை நிமிஷம் தப்பாக ஓடுகிறது என்று பார்ப்பது, யார் எந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்று பெரிய சார்ட் பேப்பரில் கோடு போட்டு எழுதுவது. அந்தப் பிள்ளைகள் மத்தியில் நிற்கும் மூன்று மணி நேரம்தான் நான் வாய்விட்டுப் பேசுகிற நேரம்.

ஒவ்வொரு பேட்ச்சுக்கும் முதல் வகுப்பில் நான் ஒரு கதை சொல்வேன். உன் கதை. உன்னைக் கேட்காமல் சொல்லி வந்தேன். அதுதான் முதல் தவறு, ஆனால் பெரிய தவறு இல்லை. பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் நம் ஸ்கூட்டர் தெருமுனையில் இஸ்திரி போடும் முனிசாமியை இடித்து, அவர் கால் உடைந்தது. ஓட்டி வந்தவர் அவரைத் தூக்கி ஓரமாக உட்கார வைத்துவிட்டு வண்டியோடு ஓடிவிட்டார். நான் அப்போது வேறொரு ஸ்டேஷனில் எஸ்.ஐ. டியூட்டி முடிந்து வரும்போதே டீக்கடைக்காரர் என்னை நிறுத்தி, "மேடம், உங்க வூட்டு வண்டிதான்" என்றார். வீட்டு வாசலில் இடதுபக்க விளக்கு உடைந்த ஸ்கூட்டர். உள்ளே நீயும் அப்பாவும். லைசென்ஸ் இல்லாமல் அந்த வண்டியை எடுத்து அதற்கு முன் இரண்டு முறை நீ என்னிடம் மாட்டியிருந்தாய். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்குக் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மற்ற வீடுகளில் அம்மா கன்னத்தில் இரண்டு அறை விட்டு, பிறகு பிள்ளையைச் சமாதானப்படுத்துவாள். நான் உங்கள் இருவரையும் தனித்தனியாக விசாரித்தேன். அப்பாவைச் சமையலறையில் நிற்க வைத்தேன். அவர் "நான் தூங்கிட்டிருந்தேன், எனக்கொண்ணும் தெரியாது" என்றார். அதற்கு மேல் அவரை நான் எதுவும் கேட்கவில்லை. உன்னை உள்ளறையில் ஸ்டூலில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். யூனிபார்மைக்கூடக் கழற்றவில்லை. வண்டியை நீதானே எடுத்தே? வேகமாத்தானே வந்தே? திருப்பத்துல அவரைப் பார்க்கலைதானே? பயத்துல ஓடிட்டேதானே? நீ சுவரைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் "ஆமா" என்றாய். நான் நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். பிறகு உன் சட்டையைக் கழற்றச் சொல்லி டியூப்லைட்டுக்குக் கீழே நிறுத்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முழங்கை, முழங்கால், உள்ளங்கை எல்லாம் பார்த்தேன். நோட்டின் நான்காம் பக்கத்தில் "காயம் ஏதும் இல்லை" என்று எழுதினேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, மாரியாத்தா காப்பாற்றிவிட்டாள் என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

அன்றைக்கே உன்னை நான்தான் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த எஸ்.ஐ. என் நோட்டை வாங்கிப் படித்துவிட்டு, "மேடமே எழுதிக் குடுத்துட்டீங்க, அப்புறம் நான் என்ன கேக்கப்போறேன்" என்று அப்படியே நகல் எடுத்துக்கொண்டார். சிறுவர்களுக்கான நீதி வாரியம் உன்னைக் கண்டித்து விட்டுவிட்டது. ஆனால் வாரியத்தின் முன் நீ நிற்க வேண்டிய அதே நாளில்தான் மாநில அணிக்கு ஆள் எடுத்தார்கள். நீ அதன்பிறகு பந்தைத் தொடவில்லை. பூட்ஸை யாருக்கோ கொடுத்துவிட்டாய். எனக்கோ டிபார்ட்மென்ட்டில் பெரிய பேர். சொந்தப் பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தவள் என்று மேலதிகாரிகள் மேடையில் சொன்னார்கள். பாடம் எடுக்க என்னைக் கூப்பிட்டதற்கும் அந்தப் பேர்தான் காரணம். நான் வகுப்பில் இதைச் சொல்லி முடிக்கும்போது பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஒவ்வொரு பேட்ச்சிலும் தட்டினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, பிரபு. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

இந்த வருஷம் பயிற்சிப் பள்ளிக்குப் புதிதாக வந்த முதல்வர், கதை வேண்டாம், பிள்ளைகள் கையில் ஒரு கேஸ் கட்டைக் கொடுத்துக் குற்றப்பத்திரிகை தயாரிக்கச் சொல்லுங்கள் என்றார். பெரிய வழக்குகளுக்குப் போகும் முன் சின்னதாக ஒன்று, ஓட்டை இல்லாததாக ஒன்று கொடுக்கலாம் என்று யோசித்தேன். பீரோவில் அந்த நோட்டு இருந்தது. பெயர்களை மாற்றி, பையனும் அதிகாரியும் ஒரே வீடு என்பதை மறைத்து, அப்பாவை வீட்டிலிருந்த ஒரு சாட்சி என்று மட்டும் குறித்து, டைப் அடித்து நான்கு குழுக்களுக்குக் கொடுத்தேன். மறுநாள் மூன்று குழுக்கள் குற்றப்பத்திரிகையோடு வந்தன. நான்காவது குழுவில் ராய்ச்சூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, ரேணுகா என்று பெயர், வெறுங்கையோடு எழுந்து நின்றாள். "எங்களால முடியல மேடம்" என்றாள். ஏன் என்று கேட்டேன். அவள் கன்னடத்தில் கேட்டதை அப்படியே எழுதுகிறேன், உனக்குப் புரியும். "ஈ ஹேளிகெயல்லி ஹுடுகன மாத்து எல்லிதெ மேடம்?"

இந்த வாக்குமூலத்தில் பையனுடைய பேச்சு எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். எல்லாவற்றையும் அதிகாரியே சொல்லியிருக்கிறார், பையன் ஆமா மட்டும் சொல்லியிருக்கிறான், அதிகாரிக்கு ஏற்கெனவே தெரியாத ஒரு விஷயம்கூட அவன் வாயிலிருந்து வரவில்லை என்றாள். சரி, உட்கார் என்று சொல்லியிருக்கலாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேறென்ன குறை கண்டுபிடித்தாய் என்றேன். அவள் தாளைப் புரட்டினாள். "வண்டி இடதுபக்கமா விழுந்து பத்தடி தேய்ஞ்சு போயிருக்கு மேடம். பிரேக் லீவர் நுனி தேய்ஞ்சிருக்கு, கால் வைக்கிற இடம் கீறியிருக்கு. ஓட்டினவனுக்கு முட்டியாவது சிராய்ச்சிருக்கணும். நாலாம் பக்கத்துல, காயம் ஏதும் இல்லைன்னு விசாரிச்ச அதிகாரி, ஐ.ஓ.வே எழுதியிருக்காரு. அப்ப விழுந்தது யாரு?" பையன் குதித்திருக்கலாமே என்றேன். "குதிச்சானான்னு ஐ.ஓ. கேக்கலையே மேடம். அந்த வீட்ல இன்னொரு ஆள் இருந்தாரே, அவரு சட்டையைக் கழட்டிப் பார்த்தாங்களா?"

நன்றாகச் செய்திருக்கிறாய் என்று சொல்லிவிட்டு வகுப்பைச் சீக்கிரமே முடித்தேன். பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். விபத்து நடந்த மறுநாளிலிருந்து, சித்திரை மாதத்து வெயிலில், உங்கப்பா ஒரு வாரம் முழுக்கைச் சட்டையோடு தூங்கினார். கேட்டதற்கு ஃபேக்டரியில் மெஷின் சூடு பட்டுவிட்டது என்றார். நான் பர்னால் களிம்பு வாங்கி வந்து கொடுத்தேன். நானே போட்டுவிடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார். அந்த ஆண்டு அவர் எவ்வளவு குடித்தார் என்பது உனக்குத் தெரியும். விபத்துக்கு ஒரு மாதம் முன்புதான், "இன்னொரு வாட்டி குடிச்சுட்டு வண்டியத் தொட்டீங்கன்னா நானே இழுத்துன்னு போய் உள்ள வெப்பேன், புள்ளையக் கூட்டினு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்" என்று கத்தினேன். நீ பக்கத்தில் படுத்திருந்தாய், தூங்கவில்லை. விபத்துக்குப் பிறகு அவர் ஒரு சொட்டுத் தொடவில்லை. மகன் செய்த தப்பைப் பார்த்து அப்பன் திருந்திவிட்டான் என்று நான் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அப்போதெல்லாம் நீயும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாய்.

அன்று மெட்ரோவிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகாமல் முனிசாமியைத் தேடிப் போனேன். இப்போது அவருடைய மருமகள்தான் தள்ளுவண்டியில் நின்று இஸ்திரி போடுகிறாள், அவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து துணி மடிக்கிறார். உங்களை இடித்தது என் பையன்தானா என்று கேட்டேன். பதினாறு வருஷம் கழித்து. அவர் மடிப்பதை நிறுத்தவே இல்லை. "எனக்கு அன்னிக்கே தெரியும்மா. ஹெல்மெட் போட்டுன்னு இருந்தாரு, மூஞ்சி தெரியல. ஆனா என்னைத் தூக்கி உக்கார வெக்கறப்போ, ஐயோ அண்ணா, மன்னிச்சுடுங்கன்னாரு. அது சின்னப் பையன் கொரலா?" பிறகு ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க எங்கம்மா கேட்டீங்க? ஆஸ்பத்திரிக்கு யூனிபார்ம்ல வந்தீங்க. இவன்தான் உங்கள இடிச்சான், கால்ல வுழுடான்னீங்க. பையனும் வுழுந்துட்டான். காலு ஒடஞ்சு படுத்துன்னு இருக்கறவன் போலீஸ்காரம்மாவப் பாத்து, நீ சொல்றது தப்புன்னு சொல்ல முடியுமா?" அடுத்த துணியை எடுத்துக்கொண்டே, "உங்க வூட்டுக்காரு வாரா வாரம் வந்து பாத்துன்னு போவாரு. ஒரு தபா உக்காந்து அழுதாரு. குடும்ப விஷயம், நான் எதுக்கு நடுவுல" என்றார். அவருடைய மருமகள் என்னைப் பார்க்காமல் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்கப்பா மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? இரண்டு நாள் அவருடைய போட்டோவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் எனக்கே பயமாகிவிட்டது, வீட்டில் அந்த ஒரு முகமும் இல்லாமல் இருக்க முடியவில்லை. மறுபடி திருப்பி வைத்து, பூ போடாமல் விட்டேன். கோழை என்று திட்டினேன். ஆனால் அவர் யாருக்குப் பயந்தார்? எனக்குத்தான். நீ யாருக்குப் பயந்தாய்? அதுவும் எனக்குத்தான். அப்பா போய்விடுவார், அம்மா போய்விடுவாள், வீடு இரண்டாகும் என்று பயந்து பதினாறு வயதில் நீ அதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாய். அப்பா உன்னிடம் கெஞ்சினாரா, இல்லை அவர் கேட்கும் முன்பே நீயாகவே ஏற்றுக்கொண்டாயா என்று எனக்குத் தெரியாது. அவர் சாகக் கிடந்த அந்த இரண்டு மாதம் நீ லீவு போட்டுவிட்டு வந்து அவருக்கு முகம் மழித்து, துடைத்து, கால் பிடித்துவிட்டாய். உங்கள் இருவருக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது, அதில் எனக்கு இடமில்லை என்று அப்போது மனசுக்குப் பட்டது. பொறாமையாகக்கூட இருந்தது.

போன வாரம் கடைசி வகுப்பு. அந்தக் கேஸ் கட்டில் இருந்த ஐ.ஓ. நான்தான், பையன் என் பையன்தான் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். இதற்கு முன் எத்தனையோ பேட்ச்சுக்கு இதை வீரக்கதையாகச் சொன்னதையும் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. நிமிர்ந்து பார்க்கவே அந்தப் பிள்ளைகளுக்குச் சங்கடமாக இருந்தது. எல்லோரும் போன பிறகு ரேணுகா மட்டும் வாசலில் நின்றாள். "அந்தப் பையன் இப்ப எங்க மேடம்?" என்றாள். எலெக்ட்ரானிக் சிட்டியில் என்றேன். "அவர்ட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள். நான் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். மெட்ரோவில் வரும்போது முழுக்க அதுதான் காதில் ஓடியது. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு உன்னிடம் சொல்லாமல் இருக்கிறேன் பார்.

நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். அது தரையில் எதையாவது கொட்டிவிட்டு நிற்கும்போது, "நீதானே கொட்டினே?" என்று கேட்காதே. "என்ன ஆச்சு?" என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு, அது சொல்லி முடிக்கிற வரைக்கும். நான் கொலைக் குற்றவாளிகளிடம்கூட அப்படித்தான் இருந்தேன். எத்தனையோ பேர் எதிரில் அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து உண்மையை வாங்கியிருக்கிறேன். அந்தப் பொறுமை என் பிள்ளைக்கு ஐந்து நிமிஷம் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் எனக்கு அவசரம். சமைக்க வேண்டும், நல்ல போலீஸ்காரி என்று காட்ட வேண்டும், பொம்பளை என்பதால் இரண்டு மடங்கு காட்ட வேண்டும். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு அந்த அறைக்குள் என்னோடு இதெல்லாமும்தான் வந்தன என்று உனக்குத் தெரியட்டும்.

என்னை மன்னித்துவிடு, பிரபு. இதை எழுதவே இத்தனை பக்கம் சுற்றி வந்திருக்கிறேன். நீ மன்னிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் கேட்டாக வேண்டும், கேட்டுவிட்டேன். விமான நிலையத்துக்கு வந்து நிவேதா வீட்டார் முன்னால் அழுது உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில்தான் இருப்பேன். கறி எடுத்து வைப்பேன், நீ வராவிட்டால் எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். வந்தால் எனக்கு ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த நோட்டை நேற்று முதல் பக்கத்திலிருந்து திரும்பப் படித்தேன். பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்டிருக்கிறேன். எந்த ஸ்டேஷனிலும், எந்த வழக்கிலும், நேற்று வேலைக்குச் சேர்ந்த கான்ஸ்டபிள்கூட முதலில் கேட்கிற கேள்வி அதில் எங்கேயும் இல்லை. இத்தனை வருஷத்தில் யாருமே உன்னைக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், நீ சொல்லும்போது என் கையில் நோட்டும் இருக்காது, பேனாவும் இருக்காது.

அன்னிக்குச் சாயங்காலம் நீ எங்கடா இருந்தே?